சொல்லுக்கு முன் வந்த சித்திரம்



என் கவிதையின் ஊற்று எதுவென்று பேசுமாறு பணித்தீர்கள். சங்கப் பாடல்களையும் பாரதியையும் சொல்லி அமர்ந்துவிடலாம். அது பொய்யாகாது, முழு உண்மையும் ஆகாது. நெடுநாள் மறைத்து வைத்திருந்த ஒரு கடனை இன்று ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு சித்திரப் படத்துக்குப் பட்ட கடன்.

1957இல் சோவியத் நாட்டில் லெவ் அதமானவ் இயக்கிய 'பனி அரசி' அது. மூலக்கதை ஆண்டர்சனுடையது. 1970களின் நடுவில், எனக்கு ஒன்பது வயதானபோது, எங்கள் ஊர்ப் பள்ளித் திடலில் வெள்ளைத் துணி கட்டி அதைக் காட்டினார்கள். பேச்சு முழுவதும் ருஷ்ய மொழி. ஒலிபெருக்கியில் கதை சொல்ல வந்தவரோ பாதியில் காப்பி குடிக்கப் போய்விட்டார். ஆகவே சொல்லின் துணையின்றியே பார்த்தேன்.

பனி அரசி சினந்து தன் கண்ணாடியை உடைக்கிறாள். சில்லுகள் ஒரு சிறுவனின் கண்ணிலும் நெஞ்சிலும் பாய்கின்றன. அன்புள்ள பிள்ளை அந்த நொடியே அயலானாகிவிடுகிறான். அவனைத் தேடிச் செல்லும் கெர்டா, தன் செருப்பை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலுடன் போகிறாள்.

அந்த ஆண்டுதான் என் அண்ணன் வீட்டில் யாருடனும் பேசுவதை நிறுத்தியிருந்தார். காரணம் எவருக்கும் தெரியாது. அம்மா சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டருகே காத்திருப்பார். எனக்கு மட்டும் காரணம் தெரிந்துவிட்டதாக அன்றிரவு நினைத்தேன். அவர் உறங்கும்போது அருகில் போய் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பானியக் கலைஞர் ஹயாவ் மியாசாகி 1960களில் இதே படத்தைத் தொழிற்சங்கக் காட்சியொன்றில் பார்த்தார். பார்த்திராவிட்டால் அத்தொழிலில் நீடித்திருப்போமா என்பது ஐயமே எனப் பின்னாளில் கூறினார். அவர் அப்போது வளர்ந்தவர். எப்படி வரைந்தார்கள் என்று ஆராய்ந்து பார்க்கக் கூடியவர். குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

என் முதல் தொகுப்பில் 'வெறுங்கால்' என்றொரு கவிதை உண்டு. அதைப் பாலைத் திணையின் புதுவடிவம் என்று ஒரு திறனாய்வாளர் பாராட்டினார். மகிழ்ந்து வாய்மூடி இருந்தேன். ஆனால் பாலை நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்ட நிலம். பனிநிலமோ, பனிக்கட்டியே பெய்யாத ஊரில், கண்ணால் கண்டது.

ஆண்டர்சனையும் பிற்பாடு படித்தேன். கெர்டாவின் கண்ணீர் நெஞ்சின் சில்லைக் கரைக்கிறது. அவள் பாடும் பாட்டைக் கேட்டு அவன் அழ, கண்ணின் சில்லும் வெளியேறுகிறது. பாட்டால் அது ஆகும் என்பது கவிஞர்களாகிய நமக்கு உவப்பான செய்திதான். நம்பிப் பார்க்கத் துணிந்தேன்.

அம்மாவின் காரியத்துக்கு அண்ணன் வந்திருந்தார். பந்தி முடிந்து கூடம் காலியான பின் 'வெறுங்கால்' கவிதையைப் படித்துக் காட்டினேன். ஆசானிடம் ஒப்பிப்பதுபோல் குரல் நடுங்கியது. அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பொண்ணு செருப்பை ஆத்துல விட்டுருவாளே, அந்தப் படந்தானே?"

அன்றிரவு திடலின் கடைசி வரிசையில் அவரும் உட்கார்ந்திருந்தாராம்.