பழைய இஞ்சினும் பொருந்தாத பாகமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கொல்லிமலை திண்ணனூர் நாட்டுக்காரன் நான். "மிளகு, அன்னாசி பத்திப் பேசாம அம்பாசடர் இஞ்சினைப் பத்திப் பேச வந்துட்டாரே!" என்று சிலர் நினைக்கலாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைமேல் வர 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் மறைந்து கிடக்கும் கோளாறு அங்கே வெளிப்பட்டுவிடும். ஆகவே, எந்த வருஷத்துப் பாகம் எந்த இஞ்சினுக்குச் சேரும் என்பது எங்களுக்கு உயிர்ச் சமாசாரம்.

1958-இல் வந்த அம்பாசடரில் 1476 சிசி சைடு வால்வு இஞ்சின். 1959-லேயே 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு இஞ்சின் வந்தது. 1980-இல் டீசல், 1990-களின் தொடக்கத்தில் இசுசு 1800 சிசி பெட்ரோல். 2014-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே அம்பாசடர்தான். பானெட்டைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். இன்று பழைய பாகம் தேடி சென்னை புதுப்பேட்டை வரை போகிறோம். "அம்பாசடருக்குத்தானே சார், எல்லாம் சேரும்" என்பார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும்.

அந்த 1489 சிசி இஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியுடைய பி-சீரிஸ் வகை. அதே வகையில் 1622, 1798 சிசி இஞ்சின்களும் உண்டு. மூன்றிலும் ஸ்ட்ரோக் 88.9 மி.மீ.; போர் மட்டும் 73, 76.2, 80.3 என்று பெரிதாகிறது. "ஸ்ட்ரோக் ஒண்ணுன்னா கிராங்கும் ஒண்ணுதானே?" என்று கேட்பீர்கள். இல்லை! எம்.ஜி.பி. காரில் 1962-இல் வந்த 1798 சிசி இஞ்சினுக்கு மெயின் பேரிங் மூன்று. 1964-இல் அதை ஐந்தாக்கினார்கள். சிசி ஒன்றுதான். ஆனால் ஒன்றின் கிராங்க் மற்றதன் பிளாக்கில் உட்காராது.

பெரிய இஞ்சினின் ஹெட்டைச் சின்னதில் மாட்டினால் கம்ப்ரஷன் குறையும்; ஏற்றத்தில் வண்டி இழுக்காது. சின்ன போருக்கான ஹெட் கேஸ்கட்டைப் பெரிய போரில் வைத்தால் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டி எரிந்துபோகும். போல்ட்டும் அப்படித்தான். 5/16 அங்குல யு.என்.எஃப். போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எம்-8 போல்ட் 8 மி.மீ. பார்க்க ஒன்றுபோல இருக்கும். மரை இடைவெளியோ 1.06, 1.25 மி.மீ. ஸ்பானர் போட்டு முறுக்கினா மரையே போயிடும்!

அப்படியானால் எதையும் மாற்றக்கூடாதா? மாற்றலாம். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் போன்ற வெளிப்பாகங்கள் பொருந்தினால் மாட்டி, டைமிங்கும் செட்டிங்கும் சரிபார்த்தால் போதும். உள்ளே சுழலும் பாகங்களுக்கு இஞ்சின் நம்பரும் மைக்ரோமீட்டரும் சொல்வதே தீர்ப்பு. பிளாக்கையே மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வேண்டும்.

தம்பி தங்கைகளே, எது எதோடு சேரும் என்ற கணக்கெல்லாம் வயதான மெக்கானிக்குகள் மனசில்தான் இருக்கிறது. லீவு நாளில் நாமக்கல், சேலம் பட்டறைகளுக்குப் போங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, நீங்களே அளந்து, வருஷம், நம்பர், அளவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்தால், மலையேறும் வண்டிகளுக்கு அந்த நோட்டு பெரிய துணை.