சி ஷார்ப்பை உருவாக்கினவர் ஏன் கோலாங்கைத் தேர்ந்தெடுத்தார்?

"பைத்தான் படிக்கவா, ஜாவா படிக்கவா, இல்ல நேரா ரஸ்டுக்குப் போயிடவா?" அடிக்கடி வர்ற கேள்வி இது. பல பேர் இதை ஐபிஎல் டீம் மாதிரி பார்க்கிறாங்க: ஒண்ணைப் பிடிச்சா கடைசி வரைக்கும் அதுதான்.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க். டர்போ பாஸ்கல் கம்பைலரை எழுதினவர். மைக்ரோசாஃப்டில் சி ஷார்ப்பை வடிவமைச்சவர். 2012-ல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்டும் அவர் தலைமையில் உருவானதுதான்.

டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டிருந்தது. பெரிய ப்ராஜெக்ட்களில் அது ரொம்ப மெதுவா ஓடுச்சு. அதனால வேற மொழிக்கு மாத்தப்போறோம்னு 2025 மார்ச்சில் அறிவிச்சார். சி ஷார்ப்பா இருக்கும், இல்லைன்னா ரஸ்ட்டா இருக்கும்னுதானே நினைப்போம்? அவர் சொன்னது கோலாங். கூகுள்ல பிறந்த மொழி!

"சொந்த மொழியையே விட்டுட்டாரே"ன்னு நிறைய பேர் கேட்டாங்க. காரணம் ரொம்ப சிம்பிள். அவங்க கம்பைலரைப் புதுசா எழுத நினைக்கல. இருக்கிற கோடை அப்படியே, அதே லாஜிக்கோட, இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகணும். அந்தக் கோடில் கிளாஸ்கள் குறைவு. பெரும்பாலும் ஃபங்ஷன்களும் டேட்டா ஸ்ட்ரக்சர்களும்தான். சி ஷார்ப் கிளாஸை மையமா வெச்ச மொழி, கோலாங் அப்படி இல்ல. அடுத்து, கம்பைலருக்குள்ள ஒரு நோடு இன்னொரு நோடைக் காட்டும், அது திரும்ப இதையே காட்டும். ரஸ்ட்ல இப்படிப்பட்ட இணைப்புகளை எழுதணும்னா டிசைனையே மாத்தணும். கோலாங்ல கார்பேஜ் கலெக்டர் இருக்கு, அந்தத் தலைவலி இல்ல.

பலன் என்ன? விஎஸ் கோடோட சுமார் 15 லட்சம் வரிகளைச் சரிபார்க்க 77.8 செகண்ட் ஆனது 7.5 செகண்டுக்கு வந்துச்சு.

இதைக் கேட்டுட்டு "அப்போ கோலாங்தான் பெஸ்ட்"னு கிளம்பிடாதீங்க. இதே கம்பைலரை முதல்லேர்ந்து எழுதியிருந்தா பதில் வேறயா இருந்திருக்கலாம். பைடார்ச்சைப் பாருங்க. நாம எழுதுறது பைத்தான், உள்ளே பாரமான கணக்கைப் போடுறது சி பிளஸ் பிளஸும் கூடாவும். அங்க யாரும் சண்டை போடல, வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க.

அதுக்காக மாசம் ஒரு மொழின்னு தாவவும் வேண்டாம். மாத்துறதுக்கும் ஒரு விலை இருக்கு. டீம்ல நாலு பேருக்கும் தெரிஞ்ச மொழி, ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச வேகமான மொழியை விட பல நேரம் மேல். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா எழுந்து சரிபண்ணப் போறது யாருன்னு யோசிங்க.

முதல் மொழியை ஆழமா கத்துக்கோங்க. மெமரி, கன்கரன்சி, நெட்வொர்க் எல்லாம் அதுலயே புரிஞ்சிடுச்சுன்னா அடுத்த மொழி பெரும்பாலும் புது இலக்கணம்தான். "நான் ஜாவா டெவலப்பர்"னு மட்டும் சொல்லிக்கிட்டா, ஜாவா வேலை குறையுற அன்னிக்கு நாமளும் குறைஞ்சுபோவோம்.

உங்க டீம் இப்போ யூஸ் பண்ற மொழியை யார், எந்தக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தாங்க? நாளைக்கு ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. கிடைக்கிற பதிலை எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.