எலுமிச்சையைக் காக்க ஊர் கூட வேண்டும்



கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம்; ஒட்டியுள்ள முத்தியால்பேட்டை புதுச்சேரி. நமக்கு இது இரண்டு அரசுகளின் எல்லை. எலுமிச்சையைத் தாக்கும் சைலா பூச்சிக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

சைலா சுமார் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்புப் பூச்சி. பின்புறத்தைத் தூக்கியவாறு இலையில் அமர்ந்திருக்கும். இளங்கொழுந்தில் முட்டையிடும். சாற்றை உறிஞ்சுவதோடு, பசுமையாதல் நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை மரத்துக்கு மரம் பரப்பும். நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இந்நோய் 2005-ல் கண்டறியப்பட்டது. 2003-04-ல் 24 கோடிப் பெட்டியாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், நோயாலும் புயல்களாலும் 2022-23-ல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே இறங்கியது. அண்டைத் தோட்டக்காரர்கள் குழு அமைத்து ஒரே சமயத்தில் மருந்தடித்த இடங்களில் பூச்சி குறைந்தது. சேராதவர் தோட்டமோ பூச்சிக்குப் புகலிடமாயிற்று.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சைலா கறிவேப்பிலையிலும் பெருகும். எலுமிச்சை இல்லாத வீட்டிலும் கறிவேப்பிலை உண்டல்லவா? ஆகவே எலுமிச்சை வைத்திருப்பவர்கள் மட்டும் கூடினால் போதாது.

என்ன செய்யலாம்? மரங்கள் கொழுந்து விடும் சமயத்தில் எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் பேசி ஒரு நாளைக் குறியுங்கள். பூச்சி மொய்த்த கறிவேப்பிலைக் கொழுந்துகளை வெட்டிப் புதைத்து விடுங்கள். சமையலுக்குப் பறிக்கும் மரத்தில் இரசாயன மருந்து வேண்டாம். எலுமிச்சைக்கு ஒரு லிட்டர் நீரில் 30 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் கொழுந்து நனையத் தெளியுங்கள். பொறிவண்டுகளைக் கொல்லாதீர்கள், அவை சைலாவைத் தின்பவை.

இலை மஞ்சளானதும் மரத்தை வெட்டிவிடாதீர்கள். நடுநரம்பின் இருபுறமும் ஒரே மாதிரி மஞ்சளித்தால் பெரும்பாலும் சத்துக் குறைவு. ஒருபுறம் ஒருவிதமாகவும் மறுபுறம் வேறுவிதமாகவும் திட்டுத்திட்டாக மஞ்சளித்து, காயும் கோணிச் சிறுத்தால் நோய் என்று ஐயப்பட வேண்டும். அத்தகைய கிளையைத் திண்டிவனம் அல்லது குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, உறுதியான பின்பே மரத்தை அகற்றுங்கள்.

வேலி நமக்குத்தான், பூச்சிக்கு இல்லை. அடுத்த வீட்டாரையும் அழைத்துக்கொண்டு இந்தக் கொழுந்துப் பருவத்திலேயே தொடங்குங்கள்.