காவடிச் சிந்தும் தமிழிசையும்
(திருச்செந்தூர் மாநாட்டுத் தலைமை உரை)

என்னினும் மூத்த வித்துவான்கள் முன்வரிசையில் வீற்றிருக்க, இப்பீடத்தில் அமர்வதில் பெருமையோடு சற்று நடுக்கமும் உண்டு. செந்தூர்க் கடலின் இரைச்சல் அதனை ஓரளவு மறைக்குமென்று நம்புகிறேன்.

ஓர் இசைமரபு ஓர் இனத்தின் அடையாளமாவது எங்ஙனம் என்பது இம்மாநாட்டின் பொருள். 1941-இல் அண்ணாமலை நகரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கூட்டிய தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும், நம் ரசிகமணி டி.கே.சி.யும் கல்கியும் தொடுத்த வாதங்களும் தாங்கள் அறியாதனவல்ல. ஆதலின் அவற்றை விரிக்கவில்லை. அவ்விவாதம் பெரும்பாலும் சாகித்தியத்தின் பாஷையைப் பற்றியதாகவே நின்று, லயத்தை மறந்துவிட்டது என்பதே என் மனத்தாங்கல்.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், கழுகுமலை முருகன்மீது பிறந்த அந்நூல், இன்றும் கச்சேரியில் பல்லவி முடிந்து, ரசிகர்கள் செருப்பைத் தேடும் வேளையில், செஞ்சுருட்டியில் ஒரு துக்கடாவாகவே தலைகாட்டுகிறது. இது பாமரர் பாட்டு, சாஸ்திர விசாரத்துக்கு உரியதன்று என்று முன்னொரு கருத்தரங்கில் தீர்ப்பளித்த அன்பர் இங்கே வந்திருக்கிறார். அவருடைய புலமையில் எனக்குக் குறையாத மதிப்புண்டு. ஆயினும், மடக்கும் சிலேடையும் இயைபும் நெருக்கிப் பின்னிய அச்சீர்களைப் பாமரர் யாத்தனர் என்று கொள்வது எங்ஙனம்? பால்குடம் தொங்கும் காவடியைத் தோளில் ஏற்றி, வெந்த மணலில் இச்செந்தூர் முருகன் கோயிலை நோக்கி வரும் அடியவரைக் கவனியுங்கள்: திசிர நடையில் பாதம் விழுகிறது, அடி முடியுமிடத்தில் கூட்டம் 'அரோகரா' என்கிறது, அந்த இடைவெளியில் பாடுவோர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். யாப்பும் உடலும் இவ்வளவு ஒட்டிய லயத்தைச் சாஸ்திரம் தீண்டாதென்றால், குறை சாஸ்திரிகளுடையதே.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. கழுகுமலைக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதி, பாரத ஜனங்களின் நிலைமைக்கு இரங்கிப் பாடப் புகுந்தபோது கையாண்டது நொண்டிச் சிந்து. கிளிக்கண்ணியும் அவ்வாறே அவர் கையில் அரசியல் பேசியது. அவர் மறைந்தது 1921. தமிழிசைக்கென மேடை போடுவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, தேசாபிமானத்தின் குரலாகச் சிந்து வீதியில் ஒலித்துவிட்டது. இசை அடையாளமாவது மாநாட்டுத் தீர்மானத்தாலென்று எழுதும் சரித்திரக்காரர்கள், விளைந்த களத்தை விட்டுக் களஞ்சியத்தை மட்டும் அளக்கிறார்கள்.

பாமரர் பாட்டென்று தீர்ப்பளித்த அன்பரின் மறுப்புரை பிற்பகல் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. மறுக்குமுன் ரெட்டியாரின் சிந்து ஒன்றைத் தாளம் பிசகாமல், நடந்துகொண்டே பாடிக்காட்டுமாறு அவரைப் பணிவுடன் வேண்டி, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.