சக்கரத்துக்கு இடம் கொடுங்கள்



காட்டுப் பாதையில் பாறையும் மேடும் வண்டியின் அடியில் தட்டக் கூடாது என்றுதான் ஜீப்பை உயர்த்துகிறோம். உயர்த்திய மறுநாள் தார்ச் சாலையில் சின்னப் பள்ளம் வந்தாலும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பட்டறையில் கேட்டால், "லிஃப்ட் பண்ணின வண்டி அப்படித்தான் சார் குதிக்கும்" என்கிறார்கள். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

மேட்டில் ஏறும்போது சக்கரம் மட்டும் மேலே போய்த் திரும்ப வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும் உடல்பகுதி முடிந்தவரை அசையாமல் இருக்க வேண்டும். சக்கரத்தின் அந்தப் போக்குவரத்தை எது தடுக்கிறதோ, அதுதான் குலுக்கலுக்கு முதல் காரணம். உயர்த்தும் வேலையில் இப்படிப்பட்ட தடைகள் ஒன்றுக்கு நான்காக நுழைந்துவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கலாம்.

மாருதி ஜிப்சியை எடுத்துக்கொள்வோம். 1985-இல் இந்தியச் சந்தைக்கு வந்து, ராணுவத்திலும் வனச் சுற்றுலாவிலும் பல காலம் உழைத்த வண்டி. நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில். எடை ஏறக்குறைய 1 டன்தான். பின்னிருக்கை எதிரெதிர் பெஞ்சாக, பின் அச்சுக்கு மேலேயே அமைந்த வண்டிகளும் உண்டு. அதில் உட்கார்ந்து மலையேறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறவியிலேயே விறைப்பான இந்த வண்டியை 2 அங்குலம் உயர்த்தினால் என்ன செய்வது?

காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குவோம். அது டயர். உயர்த்திய வண்டிக்குப் பெரிய டயர் போடுவது வழக்கம். அதன் பக்கச்சுவர் தடிமனானது. அதற்குள் காற்றும் அதிகம் அடங்கும். லேசான வண்டிக்கு அதில் பழைய அளவு காற்றே மிகையாகிவிடலாம். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவாக எண்ணி நிரப்பிவிடாதீர்கள். டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. ஒரே சீராக அழியும்வரை இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக மாற்றிக்கொண்டு வரலாம். மணலுக்கும் பாறைக்கும் காற்றை இறக்கியவர்கள் நெடுஞ்சாலை ஏறும் முன் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடும்.

அடுத்தது லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகள். வில் வளைந்து நிமிரும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். நடுவே துருவும் சேறும் சேர்ந்தால், மழையில் நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்கள்போல அவை ஒட்டிக்கொள்ளும். பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங் வேலை செய்யும். சின்னச் சின்ன மேடுகளில் அசையவே அசையாது, அதிர்ச்சி அப்படியே இருக்கைக்கு வந்து சேரும். கட்டைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, பட்டை நுனிகளுக்கு இடையே தேய்மானம் தாங்கும் பிளாஸ்டிக் வில்லைகள் வைத்துக் கட்டினால் வித்தியாசம் முதல் தெருவிலேயே தெரியும்.

உயரத்துக்காகக் கூடுதலாக ஒரு பட்டையைச் செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மலிவான வழி அது. நான்கு பட்டை உள்ள கட்டில் அதே தடிமனும் நீளமும் கொண்ட இன்னொன்றைச் சேர்த்தால் விறைப்பு சுமார் கால் பங்கு கூடும். தடிமனான பட்டையானால் கேட்கவே வேண்டாம்: தடிமன் இரட்டித்தால் அந்தப் பட்டையின் விறைப்பு 8 மடங்கு. வளைவு அதிகமாக, மெல்லிய பட்டைகளால் செய்த முழுக் கட்டு விலை கூடியது. ஆனால் உயரமும் கிடைக்கும், மென்மையும் மிஞ்சும். ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: இது என்ன எடைக்குச் செய்தது? இரும்பு பம்பரும் வின்ச்சும் சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் மாட்டினால் அது கட்டையாகத்தான் நிற்கும்.

இனி ஷேக்கிள், அதாவது வில்லின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு. வில் அழுந்தும்போது அதன் நீளம் கூடும். அந்த நீளத்துக்கு இடம்விட்டு ஊசலாடுவதே ஷேக்கிளின் வேலை. அதிக வளைவான வில்லைப் பூட்டினால் அதன் இரு முனைகளும் நெருங்கி, ஷேக்கிள் நட்டுக்குத்தலாக நிமிர்ந்துவிடும், சில சமயம் உள்பக்கமே சாய்ந்துவிடும். அப்போது அதற்கு ஆட வழியில்லை. வண்டி தரையில் நிற்கும்போது ஷேக்கிள் வில்லுக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் அதன் நீளத்தையோ அது மாட்டும் இடத்தையோ மாற்றச் சொல்லுங்கள்.

அங்கேயே இன்னொரு சோதனை. வில்லின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டியை ஜாக்கில் தூக்கி வைத்தபடியே இறுக்கினார்களா? அப்படியானால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கேறி ஸ்பிரிங்கை எதிர்த்துக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்தும் போகும். போல்ட்டைத் தளர்த்தி, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது இறுக்கினால் போதும். செலவு, அரை மணி நேரக் கூலி.

ஷாக் அப்சார்பரை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். வேகத்தடையைத் தாண்டிச் சக்கரம் கீழே இறங்கும்போது 'தட்'டென்று சத்தம் வந்தால், பழைய ஷாக் புதிய உயரத்துக்கு எட்டாமல் முழுதாக இழுபடுகிறது என்று சந்தேகிக்கலாம். ஏறும்போது இடித்தால் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் கட்டையைப் பாருங்கள். அதன் முகத்தில் கிரீஸ் தடவிவிட்டு ஓட்டினால், அச்சு வந்து மோதுகிறதா என்று கிரீஸே சொல்லிவிடும். குற்றம் ஷாக்கிலா, ஸ்பிரிங்கிலா என்று பிரித்தறிய, நிற்கும் வண்டியில் ஷாக்கின் கீழ் முனையைக் கழற்றிவிட்டுப் பம்பரை அமுக்குங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஸ்பிரிங் பக்கம்தான் கோளாறு; புது ஷாக் வாங்கிப் பயனில்லை. சோதனை முடிந்ததும் மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

இன்னும் உயர்த்தாதவர்களுக்கு ஒரு சொல். உற்பத்தியாளர் விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிசெய்தது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்காமல் கை வைக்காதீர்கள்.

உயர்த்திவிட்டவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றுங்கள், அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்ததுக்குப் போங்கள். எது உங்கள் இடுப்பைக் காப்பாற்றியது என்று அப்போதுதான் தெரியும். பல வண்டிகளில் அந்தத் தேடல், புது ஷாக் வாங்கும் கட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும்.