பாடும் பிறப்பும்

(மீனவர் கூட்டமொன்றில் பேசியது)



பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை நெடுங்காலமாய் நடந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். இறால் விழும் இடத்தை எவனும் தன் சொத்தென்று வளைத்துக் கொள்ளாமல், சீட்டுப் போட்டு, இன்று ஒருவர் நாளை மற்றொருவர் என்று முறைவைத்து வலை கட்டுவதே அது. சர்க்கார் சட்டமும் போலீசும் இல்லாமல் மக்கள் தாங்களே செய்துகொண்ட இந்த ஏற்பாட்டில் எவ்வளவு புத்தி இருக்கிறது! முறை கிடைத்தவர் வீட்டில் உலை கொதிக்கும். ஏரிக்கும் மூச்சுவிட நேரமிருக்கும்.

ஆனால், அதில் பேர் பதிய யாருக்கு உரிமை? பட்டினவர் சாதியில் பிறந்த ஆண்மகனுக்குத்தானாம்! அதே தண்ணீரில் நின்று கையால் இறால் தடவும் இருளருக்கு இல்லை. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கும் இல்லை. இறால் என்ன, கோத்திரம் கேட்டா வலைக்குள் வருகிறது?

சற்றுத் தெற்கே நம் எண்ணூர்க் கழிமுகத்தைப் பாருங்கள். அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் உடைந்து உடைந்து கொசஸ்தலையாற்றைத் தூர்த்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து படகு, வலை, அலையாத்தி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. அதை வாளியாலும் குவளையாலும் வாரியவர்கள் மீனவர்களே, கங்கையம்மன் வரவில்லை. அந்த எண்ணெயும் எந்தச் சாதிக் குப்பமென்று விசாரித்துக்கொண்டு வரவில்லை.

பாட்டை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதிலுள்ள பிறப்பை நீக்குங்கள்; இருளரையும் பெண்களையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு அத்தனை பேரும் ஒன்றாய்ப் போய், சாம்பலையும் எண்ணெயையும் ஆற்றில் விடுவது யாரென்று சர்க்காரைக் கேளுங்கள் என்கிறோம்.