மலைச் சரிவில் ஒரு கூடைப்பந்துக் களம்

(இளம் அலுவலர்களுக்கான புத்தொளிப் பயிற்சி வகுப்பில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



‘சமூக நலத் திட்டங்களில் மதிப்பீட்டின் பங்கு’ என்னும் தலைப்பில் நான் பேசவேண்டும் என்று அழைப்பிதழில் கண்டிருக்கிறது. அத்தலைப்பைப் பற்றிய நூல்கள் உங்கள் நூலகத்திலேயே போதிய அளவில் உள்ளன. பொருளாதாரம் பயின்ற நீங்கள் அவற்றை என்னைவிட விரைவாகப் படித்துவிடுவீர்கள். ஆகவே, உங்கள் அனுமதியுடன், ஒரு சிறு பள்ளியின் கூடைப்பந்துக் குழுக்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தலைப்பிலிருந்து விலகிவிட்டேன் என்று கருதவேண்டாம்.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிசோரம் மாநிலத் தலைநகரான ஐசாலுக்கு அலுவல் நிமித்தம் அனுப்பப்பட்டேன். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், மலை முகடுகளின் மேலும் சரிவுகளிலும் அடுக்கடுக்காக அமைந்த நகரம் அது. நான் குடியிருந்த வீட்டின் சன்னலுக்குக் கீழே, சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு கான்கிரீட் தளம் இருந்தது. இரு முனைகளிலும் வளையங்கள். அந்த வட்டாரத்தின் பொதுச்சொத்து அது. விளையாட்டு மைதானம் இல்லாத ஒரு சிறு பள்ளிக்கும் அதுவே மைதானம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தொண்ணூற்று நான்கு மாணவ மாணவியர் பயின்ற பள்ளி அது.

மலைநாட்டில் கூடைப்பந்து ஏன் வேரூன்றியது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சர்வதேச அளவிலான கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. அதாவது 420 சதுர மீட்டர். கால்பந்து மைதானம் 105-க்கு 68 என்று கொண்டால் 7,140 சதுர மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பில் பதினேழு கூடைப்பந்துக் களங்கள் அடங்கும். சமநிலம் அரிதாகக் கிடைக்கும் இடத்தில் இக்கணக்கை எவரும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை, கால்களே அறியும். 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டை வகுத்ததும், குளிர்காலத்தில் ஒரு கூடத்திற்குள் அடைபட்ட மாணவர்களுக்காகத்தான். நம் நாட்டில் இது பரவியதில், ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு.

நிற்க. நான் அங்குச் சென்ற சில வாரங்களிலேயே அப்பள்ளி என் மதிப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றது. 2018-இல் தொடங்கிய சமக்ர சிக்‌ஷா திட்டத்தின்கீழ் விளையாட்டு மானியமாகத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாயும், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாயும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரையும் ஆண்டுதோறும் வழங்க வழி செய்யப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களில் இத்திட்டச் செலவில் 90 விழுக்காடு மத்திய அரசுடையது. நான் பள்ளிக்குச் சென்றேன். அலமாரியைத் திறக்கச் சொன்னேன். நான்கு கூடைப்பந்துகள் இருந்தன. இருப்புப் பதிவேட்டிலும் நான்கு. ‘பொருள்கள் வழங்கப்பட்டனவா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பந்துகள் அப்போதும் புத்தம் புதியனவாக இருந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. அளித்திருக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில்தான் அதன் காரணத்தை அறிந்தேன். நம் நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். அலகாபாத்துக்கு அருகில் செல்லும் தீர்க்கரேகையைக் கொண்டு வகுத்த நேரம் ஐசாலுக்கு நாற்பது நிமிடம் பிந்தியது. கோடையில் நாலரை மணிக்கே விடிந்துவிடுகிறது. டிசம்பரில் மாலை நாலரையைத் தாண்டியதும் இருள் சூழ்கிறது. மாலைப் பொழுதில் களம் வட்டாரத்து இளைஞர்கள் வசம். ஆகவே பள்ளிக் குழுக்களுக்குக் கிடைத்தது விடியற்காலை ஐந்து முதல் ஆறரை மணி வரை. சிறுவர் குழுவில் பன்னிருவர். சிறுமியர் குழுவில் எட்டுப் பேர். பயிற்சி அளித்தவர் கணித ஆசிரியை. கல்லூரி நாட்களில் ஆடியவர். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் அப்பள்ளியில் இல்லை.

பந்து தரையில் மோதும் ஓசை என் உறக்கத்தைக் கலைத்தது. முதல் வாரம் எரிச்சலோடு சன்னலைச் சாத்தினேன். இரண்டாம் வாரம் தேநீர்க் கோப்பையுடன் படிக்கட்டில் அமர்ந்து பார்க்கலானேன். சிறுமியர் பயன்படுத்தியது தோல் உரிந்த, நிறம் போன பழைய பந்து ஒன்று. புதுப் பந்துகள் எங்கே என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

“ஐயா, அவை ஏழாம் எண் பந்துகள். ஆண்களுக்கு உரியவை. போட்டியில் பெண்கள் ஆடுவது ஆறாம் எண் பந்தில். பெரிய பந்தில் பழகிவிட்டுச் சிறிய பந்தில் ஆடினால் எறிவதெல்லாம் வளையத்தைத் தாண்டிப் போகும்” என்றார்.

சுற்றளவில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர், எடையில் ஏறத்தாழ எழுபது கிராம், வேறுபாடு இவ்வளவே. பதின்மூன்று வயதுச் சிறுமியின் கை விரல்களுக்கு அது பெரிய வேறுபாடு. அப்படியானால் சிறுவர்களாவது ஆடலாமே என்றேன். போட்டிக்கு முன் தேய்ந்துவிடக் கூடாது என்று தலைமையாசிரியர் பூட்டி வைத்திருக்கிறாராம். அடுத்த ஆய்வுக்கு வரும் அலுவலர் நான்கையும் எண்ணிப் பார்ப்பார் அல்லவா? அந்த அலுவலர் யார் என்று நான் கேட்கவில்லை.

ஏன் ஏழாம் எண் பந்து வாங்கப்பட்டது? நிதி பள்ளிக்கு வந்து சேர்ந்தது முந்தைய நிதியாண்டின் மார்ச் மாதக் கடைசி வாரத்தில். 31-ஆம் தேதிக்குள் செலவிட்டுப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பவேண்டும். கடையில் அன்று இருந்தவை ஏழாம் எண் பந்துகள். தலைமையாசிரியர் பணத்தைத் திருப்பி அனுப்புவதா, கிடைத்ததை வாங்குவதா என்று எண்ணிப் பார்த்து இரண்டாவதைச் செய்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். தவறு எந்த ஒருவருடையதும் அன்று. ஆனால் பந்து பெரிதாக இருந்தது.

மழைக்காலத்தில் அக்களம் பாசி பிடித்துவிடும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பயிற்சியின் முதல் அரைமணி, தளத்தைத் தூரிகையால் தேய்ப்பதில் கழிந்தது. ஆகஸ்டில் ஒரு சிறுமியின் குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்தது, எட்டு ஏழாயிற்று. ஆடுகளத்தில் ஐவர், மாற்றாட்டக்காரர் இருவர். சிறுவர் குழுவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர்களுக்குப் புதுச் சட்டைகள் கிடைத்தன, ஊரார் பாராட்டு கிடைத்தது, மழைக்குப்பின் நடந்த போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினர். மறுநாள் முதல் மாலைநேர இளைஞர்களோடு சேர்ந்துகொண்டனர். ஆண் பிள்ளைகளுக்கு அந்தக் களம் எப்போதும் திறந்தே இருந்தது.

சிறுமியர் குழுவின் உயிர்நாடி ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. உயரமானவள் அல்லள். ஆனால் பந்து அடுத்து எங்கே வரும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. செப்டம்பரில் ஒருநாள் காலை, ஓட்டப் பயிற்சியின்போது அவள் திடீரெனத் தரையில் அமர்ந்தாள், பின்னர்ச் சாய்ந்தாள். ஆசிரியையும் நானும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 கிராமுக்குச் சற்றே மேல். 12 கிராமேனும் இருக்க வேண்டும். அவள் முந்தைய மாலை ஆறு மணிக்கு உண்டவள். மிசோ இல்லங்களில் மாலை உணவு முன்னதாகவே முடிந்துவிடும். அடுத்த சோறு காலை எட்டு, ஒன்பது மணிக்குத்தான். இடையில் ஒன்றரை மணி நேர ஓட்டம்.

இங்கேதான், நண்பர்களே, நான் பல ஆண்டுகளாகக் கையாண்ட புள்ளிவிவரம் ஒன்றை முதன்முறையாக நேரில் கண்டேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயது வரையுள்ள நம் பெண்களில் 59.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள்; அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினர். இந்த எண்களை நான் இரண்டு கூட்டக் குறிப்புகளில் எடுத்தெழுதியிருக்கிறேன். மத்தியத் திட்டத்தின் மதிய உணவு எட்டாம் வகுப்போடு முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் என்பது நடுநிலை வகுப்புகளுக்கான அளவு. ஒன்பதாம் வகுப்புக்கு ஏறிய அன்று அந்தத் தட்டு அகற்றப்படுகிறது. உடல் மிகுதியாகக் கேட்கும் வயதும் அதுவே. வாரம் ஒருமுறை தரும் நீலநிற இரும்புச் சத்து மாத்திரை பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது என்று பாதிப் பேர் வீட்டுக்கு எடுத்துச் சென்று வைத்துவிட்டனர். வழங்கப்பட்டதா என்ற கட்டத்தில் அதற்கும் ‘ஆம்’ என்றே எழுதலாம்.

அவளது தாய் ஆட்டம் வேண்டாம் என்றார். அது நியாயமான சொல். ஆசிரியை அவரோடு வாதாடவில்லை. மூன்று வாரம் ஓய்வு, பின்னர் மருத்துவர் சொன்னால் மட்டும் ஆடட்டும் என்றார். வட்டாரத்துத் தாய்மார்கள் தமக்குள் முறைவைத்துக் காலை ஐந்து மணிக்கு ஏழு அவித்த முட்டைகளும் வாழைப்பழமும் களத்துக்கு அனுப்பினர். கைம்மாறு கருதாது பிறர்க்கு உதவுவதை மிசோ மக்கள் ‘த்லாம்ங்ஐஹ்னா’ என்பர். அச்சொல்லுக்கு நம் நிதிநிலை அறிக்கையில் கணக்குத் தலைப்பு ஏதும் இல்லை.

அக்டோபர் இறுதியில் பெண்களுக்கான போட்டி நடைபெற்றது. ஞாயிறன்று ஆட்டம் இல்லை. அந்நாளை அங்கே எவ்வளவு கண்டிப்பாகக் காப்பர் என்பதற்கு ஒரு சான்று: அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி ஞாயிறாக அமைந்ததால், சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கையையே மிசோரத்தில் 4-ஆம் தேதிக்குத் தேர்தல் ஆணையம் மாற்றியது. சனிக்கிழமை முதல் ஆட்டம். ஏழு சிறுமியரும் ஆசிரியையும் ஒரே சூமோ வண்டியில் நெருக்கியடித்துச் சென்றனர். வண்டிக் கட்டணம் ஆசிரியை கைப்பணம். பயணச் செலவுக்கென வேண்டிய தொகை அந்தப் பருவத்தில் வரவில்லை. 22–19 என்று வென்றனர்.

திங்கட்கிழமை இரண்டாம் ஆட்டம். நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன்; விண்ணப்பத்தில் ‘சொந்த அலுவல்’ என்று எழுதினேன், அது பொய்யன்று. மருத்துவர் அனுமதித்திருந்ததால் அந்த மாணவி இரண்டு கால்பகுதிகள் மட்டும் ஆடுவது என்று முடிவாகியிருந்தது. மூன்றாம் கால்பகுதி முடிவில் நம் குழு நான்கு புள்ளி முன்னணியில் இருந்தது. பின்னர் ஒருத்தி ஐந்தாவது தவறிழைத்து வெளியேறினாள், அடுத்து இன்னொருத்தி. மீதம் ஐவர், அந்த ஐவரில் ஒருத்தி, தன் அளவை ஆடி முடித்துவிட்டு இருக்கையில் அமர்ந்திருந்த அந்த மாணவி.

ஐவர் இருந்தால்தான் ஆட்டத்தைத் தொடங்கலாம். தொடங்கியபின் நால்வராகவும் ஆடலாம் என்பது விதி. மாணவி எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டாள். ஆசிரியை அவளைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், பிறகு கையால் ‘உட்கார்’ என்று காட்டினார். கடைசி ஆறு நிமிடங்கள் நால்வர் ஐவரோடு ஆடினர். 30–34 என்று தோற்றனர். வென்றிருந்தால் அந்நான்கு புள்ளிகளைப் பற்றி எவரும் பேசியிருக்கமாட்டார்கள். தோற்றதால் வண்டியில் திரும்பும்போது மாணவி ஆசிரியையோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை ஐந்து மணிக்குப் பந்தோசை மீண்டும் என்னை எழுப்பியது. ‘க பூ’ என்று என்னை மரியாதையோடு அழைத்து, அவள்தான் எனக்கும் ஒரு முட்டை தந்தாள்.

என் பங்குக்கு நான் செய்தது சிறிது. என் அறிக்கைக்கு ஒரு திருத்தக் குறிப்பு எழுதினேன்: ஆய்வுப் படிவத்தில் பந்தின் எண், நிதி பள்ளியை அடைந்த தேதி, பொருள் கடைசியாகப் பயன்படுத்தப்பட்ட நாள் ஆகிய மூன்று கட்டங்கள் சேர்க்கப்பட வேண்டும், நான் முன்பு எழுதிய ‘ஆம்’ தவறானது. குறிப்பு பெறப்பட்டது என்று பதில் வந்தது. படிவம் மாறியதாகத் தெரியவில்லை. 1984, 2001, 2025 ஆகிய ஆண்டுகளில் தேசிய விளையாட்டுக் கொள்கைகள் வெளிவந்துள்ளன. 2018 முதல் ‘கேலோ இந்தியா’ போட்டிகள் திறமைமிக்க சிறுவர்களை நாடெங்கும் தேடி வருகின்றன. அவற்றின் நோக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தேடுவோர் வரும் நாள்வரை அச்சிறுமி களத்தில் நிற்கவேண்டும். அதற்கு அவளுக்கு ஒரு பந்தும் காலையில் உணவும் வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு துறைகளின் கோப்புகளில் இருக்கின்றன.

நான் மாற்றலாகி வருமுன், 2024 மார்ச் மாதத்தில் மானியம் வந்தது. வழக்கம்போலக் கடைசி வாரத்தில். இம்முறை தலைமையாசிரியர் கடையில் முன்னதாகவே சொல்லிவைத்திருந்ததால் இரண்டு ஆறாம் எண் பந்துகள் சில்சாரிலிருந்து மலைப்பாதையில் வந்து சேர்ந்தன.

ஆசிரியை இப்போதும் எப்போதாவது எழுதுகிறார். 2025 செப்டம்பரில் பைரபி–சாய்ராங் இருப்புப்பாதை திறந்தபின் தம் மாணவர் சிலர் முதன்முதலாகத் தொடர்வண்டியைக் கண்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். சிறுமியர் குழுவில் இப்போது ஒன்பது பேர். அந்த மாணவி பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளியில் பயில்கிறாள். சனிக்கிழமைகளில் வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து எறியக் கற்றுத் தருகிறாள். ஆறாம் எண் பந்துகள் இரண்டும் கான்கிரீட் தளத்தில் உரசி வழுவழுப்பாகிவிட்டன. ஏழாம் எண் பந்துகள் நான்கும் அலமாரியில் நலமாக இருக்கின்றனவாம்.